கட்டச்சியின் வயிறு

எங்கள் பசுவின் திமில் என் இடுப்பு மட்டத்துக்கு வரும். அவ்வளவுதான் அதன் உயரம். நான் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மேலகரத்துத் தெருவில் நானும் அதுவும் சேர்ந்து நடந்தால், தூரத்தில் நிற்பவர்களுக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரித்தான் தெரியும். செங்கோட்டைக்கு மேற்கே மலையடியில் மாடு மேய்க்கிறவர் ஒருவரிடம் வாங்கியது. செம்மண் நிறம். காது இரண்டும் வெற்றிலை போல இருக்கும். கொம்பு என் விரல் நீளம். வேளைக்கு அரைப்படி கறக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டு வராது.

என் பெண்டாட்டி உலகம்மைதான் அதற்குக் கட்டச்சி என்று பேர் வைத்தாள். பேர் வைத்தவள் என் நெஞ்சுக்குக் கீழே நிற்பாள். ரோட்டுக் கேங்கில் என்னோடு கல் உடைக்கிற சங்கிலிப்பாண்டிக்கு இது போதாதா. என் பேரைச் சொல்லி, பலவேசம் வீட்டில் இரண்டு கட்டச்சிகள் இருக்கின்றன, கொம்பு ஒன்றுக்குத்தான், ஆனால் முட்டுவது மற்றது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். உலகம்மை காதுக்கும் அது போயிற்று. அவள் கோபப்படவில்லை. அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, உன் வீட்டில் கொம்புள்ளது யார் என்று கேட்டு அனுப்பினாள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள ரோடுதான் என் பிழைப்பு. சரளை பரப்புவது, குழி அடைப்பது, சீசனில் மோட்டார் வண்டிகள் பிய்த்துப் போட்டதை மறுபடியும் ஒட்டுவது. அப்போதே இருபது வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இடுப்பை நிமிர்த்தக் கால் நாழிகை ஆகும். அந்தக் கால் நாழிகையும் நான் கட்டச்சியின் முதுகில் கையை ஊன்றித்தான் நிற்பேன். அந்த உயரம் எனக்கு வசதி. அதுவும் நகராமல் நின்று கொடுக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் புரட்டாசி மாசம், தென்காசி மாட்டாஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்த ஆளாக இருந்த அருமைநாயகம் அண்ணாச்சி சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தார். வடக்கேயிருந்து நல்ல சிந்திக் காளை ஒன்று வந்திருக்கிறது, அதற்குப் பிறக்கிற கிடாரி தாயைப் போல நாலு மடங்கு கறக்கும் என்று வீடு வீடாகச் சொன்னார். உலகம்மை நேரே கேட்டாள். இவ்வளவு சின்ன மாட்டின் மேல் அவ்வளவு பெரிய காளை காலைத் தூக்கிப் போட்டால் இதன் முதுகெலும்பு என்னத்துக்கு ஆகும் என்று. அவர் சிரித்தார். காளை பக்கத்திலேயே வராது, அதன் வித்தை எடுத்துப் பனிக்கட்டி பிளாஸ்க்கில் வைத்திருக்கிறோம், ஊசி மாதிரி ஒரு குழாயால் உள்ளே விடுவோம், பாரமே கிடையாது, சின்ன மாட்டுக்கென்றே வந்த வழி இது என்றார். மாட்டுக் காரியம் எங்கள் வீட்டில் உலகம்மையின் இஷ்டம். பருவத்துக்கு வந்த அன்றே கொண்டுபோகச் சொல்லிவிட்டாள்.

நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, நெஞ்சைச் சுற்றி ஒரு நாடாவை ஓட்டி, முந்நூறு ராத்தல் எடை இருக்கும் என்றார் அண்ணாச்சி. ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் வேலை முடிந்தது. கட்டச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை, சட்டத்தில் ஒட்டியிருந்த உப்பை நக்கிக்கொண்டு நின்றது.

அதோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன் நான். பின்பக்கம் கொட்டகையில் அந்தக் காளை நிற்பதாகச் சொன்னார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனேன். அது படுத்திருந்தது. படுத்திருக்கும்போதே கட்டச்சி நிற்கிற உயரம் இருந்தது. முன்னால் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் நடந்த சாயங்கால வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் படித்தது அந்த வருஷந்தான், முப்பத்தெட்டு வயசில். கண்ணில் படுகிற பலகையை எல்லாம் விடாமல் வாசிக்கிற காலம். பேர், இனம், வயது என்று வரிசையாக வாசித்து வந்து, எடை தொள்ளாயிரத்து ஐம்பது ராத்தல் என்பதில் நின்றேன். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதேதான் வந்தது. கட்டச்சியைப் போல மூன்று, அதற்கு மேலும் கொஞ்சம்.

மறுநாள் மத்தியானக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது இதைச் சொன்னேன். சங்கிலிப்பாண்டி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான்.

"ஏலே, வெளிய ஏறுனா அவ தாங்கமாட்டாள்னு சொல்லி, அந்தப் பாரத்தை உள்ளயே ஏத்திட்டு வந்திருக்கியே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் கட்டச்சியின் முதுகில் கை ஊன்றியபோதுதான் அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. உள்ளே போனது ஒரு நாள் வெளியே வந்தாக வேண்டுமே.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட்டால், பிறகு நான் செய்தது வெறும் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம் உலகம்மை உண்டானாள். அப்போது என் ஆத்தா இருந்தாள். என்னையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். ஏழாம் மாசத்திலிருந்து அவளுக்குச் சோற்றைப் பாதியாக்கினாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கந்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி நிறையத் தின்றால் பிள்ளை பெரிசாகும், பெறுவது கஷ்டம் என்று கடைசி மாசங்களில் குறைத்துப் போடுவார்கள். புருஷன் பனைமரம் மாதிரி இருக்கிறானே என்று எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே குறைத்தார்கள். மீன் இல்லை, மோர் இல்லை. இரண்டு பகல் ஒரு ராத்திரி வலி. ஆண்பிள்ளை. உயிர் இல்லை. வெளியே நின்ற என் காதில் விழும்படியாகத்தான் மருத்துவச்சி சொன்னாள்.

"அப்பன் அளவுக்குப் பிள்ளை. ஆத்தா இம்புட்டுக்காணும் இருக்கா. எப்படி வரும்?"

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொண்டதும் இல்லை. அவள் பக்கத்தில் நின்றால் தோளைச் சுருக்கிக் குனிந்து நிற்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்தது. கல் உடைத்து வந்த கூன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு பிடி குறைத்திருந்தால் பிள்ளை உயிரோடு வந்திருக்கும் என்று பதினாலு வருஷமாக என் மனசில் ஒரு எண்ணம். அதனால் கட்டச்சிக்குச் சினை பிடித்துவிட்டது என்று அண்ணாச்சி கையை விட்டுப் பார்த்துச் சொன்ன மார்கழியிலேயே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஏழாம் மாசம், சித்திரையில் தொடங்கினேன்.

உலகம்மை பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, தவிடும் பிண்ணாக்கும் சேர்த்துச் சட்டியில் கலந்து வைப்பாள். நான் வேலைக்குப் புறப்படும் முன் அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்ற வேண்டும். எங்கள் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சங்கிலிப்பாண்டியின் வெள்ளாடு கட்டிக்கிடக்கும். நான் குனிந்து கையை நீட்டி, பாதியை அந்த ஆட்டின் சட்டியில் ஊற்றிவிட்டு, மீதியைக் கட்டச்சிக்கு வைப்பேன். அது நக்கி முடித்த தொட்டியை மறுபடியும் நக்கும். பிறகு என்னைப் பார்க்கும். உன் நல்லதுக்குத்தான் தாயி என்று சொல்லிவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் புறப்பட்டுப் போவேன்.

பத்து நாளில் ஆட்டின் மயிர் மினுங்க ஆரம்பித்தது. தன் கைராசியில் எந்த உருப்படியும் தழைக்கும் என்று சங்கிலிப்பாண்டி வேலை செய்கிற இடத்தில் பெருமை பேசினான்.

கட்டச்சி மெலிந்திருக்க வேண்டும். மெலியவில்லை. விலா எலும்பு தெரிந்த இடமெல்லாம் மூடிக்கொண்டு வந்தது. ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை நெஞ்சைச் சுற்றி அளந்து பார்த்தேன். வாரத்துக்கு வாரம் முடிச்சு எட்டாமல் போயிற்று. பாதி வயிற்றுக்குத் தின்கிற மாடு எப்படிப் பெருக்கும்? உள்ளே இருக்கிறவன் அந்தத் தொள்ளாயிரத்து ஐம்பது ராத்தல்காரனின் பிள்ளை, அவன் தானாகவே வளர்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைகாசியில் பாதியைக் காலாக்கினேன். ஆடு இன்னும் பெருத்தது. தென்காசியிலிருந்து கறிக்கடைக்காரர் ஒருவர் அதை வந்து பார்த்துவிட்டுப் போனார். கட்டச்சியும் இன்னும் பெருத்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ரெண்டு மாசத்தில் வீட்டில் மெலிந்தது நான் ஒருவன்தான்.

ஆனி இரண்டாம் வாரம் சாரல் பிடித்துவிட்டது. மலை தெரியவில்லை, குற்றாலத்துக்குக் கார்களும் வண்டிகளும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஐந்தருவி விலக்கில் குழி அடைத்துக்கொண்டிருந்தேன். உலகம்மை ஆள் அனுப்பியிருந்தாள், கட்டச்சி காலையிலிருந்து முக்குகிறது என்று. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கட்டச்சி பக்கவாட்டில் படுத்திருந்தது. பின்னால் இரண்டு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. அது தெரிந்தே வெகுநேரம் ஆகிவிட்டதாம், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உலகம்மை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாரல் அவள் தலையெல்லாம் பொடியாக நின்றது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைப் பார்த்துக்கிட்டு என்னத்துக்கு நிக்கிய. போய் அண்ணாச்சியைக் கூட்டிட்டு வாங்க."

தென்காசி வரை ஓடினேன். டாக்டர் கடையத்துக்கு முகாம் போயிருந்தார். அருமைநாயகம் அண்ணாச்சி இருந்தார். கயிறு, சோப்பு, நல்லெண்ணெய், தூக்குத் தராசு எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எதிர்காற்று, அவர் வயசுக்கு மிதிக்க முடியாது. நான் வாங்கி மிதித்தேன். அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்பதால்தான் சொல்ல முடிந்தது. மலையைப் பார்த்துக்கொண்டே, சித்திரையிலிருந்து தீனியைக் குறைத்துவிட்டேன் அண்ணாச்சி என்றேன். எவ்வளவு என்று கேட்டார். முதலில் பாதி, பிறகு கால் என்றேன்.

"யாருவே உமக்குச் சொன்னது? பட்டினி போட்டா கன்னு ஒரு கைப்பிடி குறையும். தாய்க்கு இருக்கிற தெம்பு பூரா போயிரும். முக்குததுக்கு யாரு தெம்பு குடுப்பா, நீரா வந்து குடுப்பீரு?"

என் கால் நின்றுவிட்டது. சைக்கிள் ஆடிற்று.

"மிதியும்வே. சொல்லி என்ன இனிமே. மிதியும்."

மிச்ச தூரத்தை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. ரெண்டாவது தடவையும் என் வீட்டில் ஒரு உயிரை நானே கெடுத்துவிட்டேன் என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டிலுக்குள் வந்ததும் அண்ணாச்சி மாட்டைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். முதுகைத் தடவி, விலாவைக் கையால் அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவா பட்டினி கெடந்த மாடு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உலகம்மை கட்டச்சியின் காதைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினாள்.

"அவுக காலையில வைக்கது ஆட்டுக்குத்தான் போவுதுன்னு மூணாம் நாளே தெரியும். ஆட்டுத் தாடியில பருத்திக்கொட்டை ஒட்டிக்கெடந்துச்சு. அதான் மத்தியானம் நான் தனியா வச்சேன்."

நான் ரோட்டுக்குப் போன பிறகு தினமும் வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்து வீடுகளில் கஞ்சித்தண்ணீர் வாங்கி, பருத்திக்கொட்டை மறுபடி ஆட்டி, வாய்க்கால் கரையில் பச்சைப்புல் அறுத்து. பத்தாததற்குக் குற்றாலத்துப் பழக்கடைகளில் சுளையை எடுத்துவிட்டுக் கழிக்கிற பலாச்சடையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். நான் குறைக்கக் குறைக்க அவள் கூட்டியிருக்கிறாள். நான் கயிற்றால் அளந்து பயந்ததெல்லாம் உலகம்மையின் கை.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றி, தோள் வரை சோப்பும் எண்ணெயும் பூசிக்கொண்டு, மண்ணில் படுத்துக் கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் கைதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பெருசெல்லாம் இல்ல. தலை மடங்கிப் பக்கவாட்டுல கெடக்கு. கால் மட்டும் வந்தா எப்படி வரும், கழுத்து போய்ச் சுவத்துல முட்டிக்கிட்டுல்லா நிக்கி."

கட்டச்சி முக்காத நேரமாகப் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளினார். முக்கும்போது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். வேர்த்து வழிந்தது. இரண்டு தடவை வழுக்கிவிட்டது என்றார். மூன்றாம் தடவை மூக்கில் விரலைக் கொடுத்து வளைத்துத் திருப்பிவிட்டார். பிறகு இரண்டு காலிலும் கயிற்றைக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"அவ முக்கும்போது இழுவும். அவ விட்டா நீரும் விடும். உம்ம பலத்தைக் காட்டாதீரும். வேலை செய்யுதது அவ. நீரு கூட நிக்க ஆளு."

கட்டச்சி முக்கிற்று. நான் இழுத்தேன். அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்த பலம் கயிற்றின் வழியாக என் கைக்குத் தெரிந்தது. பாறையைக் கடப்பாரையால் நெம்பும்போது கீழேயிருந்து பாறையே எழும்பிக் கொடுக்குமே, அந்த மாதிரி. நாலாவது முக்கில் மூக்கு தெரிந்தது, பிறகு நெற்றி. நெற்றி வந்ததும் மற்றதெல்லாம் ஒரே வழுக்கில் வைக்கோல் மேல் வந்து விழுந்தது. அண்ணாச்சி ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டுத் திருகினார். கன்று தும்மியது. கிடாரி.

கட்டச்சி தானாகவே எழுந்தது. யாரும் தூக்கிவிடவில்லை. திரும்பி, கன்றை நக்க ஆரம்பித்தது. நான் சகதியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலி ஓரத்தில் சங்கிலிப்பாண்டி வந்து நின்றான். வேலையைப் போட்டுவிட்டு அவனும் வந்திருக்கிறான், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கன்றை எட்டிப் பார்த்தான்.

"ஏலே, தொள்ளாயிரத்து ஐம்பதுன்னு பலகையில படிச்சியே. இதுல வாலு மட்டுந்தான வந்திருக்கு."

உலகம்மை கையைக் கழுவிக்கொண்டே அவனைப் பார்த்தாள். "நாளையில இருந்து உங்க ஆட்டுக்கு நீங்கதான் தீனி வைக்கணும் அண்ணாச்சி" என்றாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தன் ஆட்டைத் திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கைராசியைப் பற்றி அந்த ஆயுசில் பேசவேயில்லை.

அருமைநாயகம் அண்ணாச்சி கன்றைச் சாக்கில் கட்டித் தூக்குத் தராசில் மாட்டினார். முப்பத்து மூன்று ராத்தல். நோட்டில் எழுதிக்கொண்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம். அந்த அப்பனுக்கு எப்படி இவ்வளவு சின்னதாக வந்தது என்று நான்தான் கேட்டேன். அவர் காப்பியை ஊதிக்கொண்டே சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

உடம்பு எவ்வளவு வளர வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வித்து கிடையாதாம். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வித்துக்கள், கணக்கில்லாமல். அதில் பாதியை அப்பன் கொடுக்கிறான், பாதியைத் தாய் கொடுக்கிறாள். ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் எவ்வளவு வளர்வது என்று அளந்து போடுவது பெரும்பாலும் தாயின் வயிறுதான். அங்கே கிடைக்கிற இடத்துக்கும் இரைக்கும் தக்கபடிதான் கன்று வளரும். அப்பன் கொடுத்தது வெளியே வந்த பிறகுதான் முழு வேலையைக் காட்டும். சீமையில் இதைக் குதிரையில் செய்து பார்த்திருக்கிறார்களாம். வண்டி இழுக்கிற பெரிய சாதிக் குதிரைக்கும் மட்டக் குதிரைக்கும் இதே மாதிரி ஊசி போட்டு, ஒரு தடவை தாய் பெரிசு, ஒரு தடவை அப்பன் பெரிசு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மட்டக் குதிரை ஈன்ற குட்டி அதற்குத் தக்கபடி சின்னதாகவே வந்தது, ஒரு சேதமும் இல்லை.

"அளவு தெரியாம ஒரு தாயும் சுமக்கமாட்டா, பலவேசம்."

அவர் சொன்னதைப் பிறகு நான் கண்ணால் பார்த்தேன். உலகம்மை அந்தக் கன்றுக்கு அன்றைக்கே நெட்டச்சி என்று பேர் வைத்துவிட்டாள், ஊர் சிரித்தது. ஒரு வருஷத்தில் அது தாயின் உயரத்தைத் தொட்டது. ஒன்றரை வருஷத்தில் கட்டச்சி அதன் தாடைக்குக் கீழே நின்றது. பால் மறந்த பிறகும் ஆசை விடாமல் முன்னங்காலை மடக்கி மண்டி போட்டுத் தாயின் மடியைத் தேடும், கட்டச்சி அலட்டிக்கொள்ளாமல் நின்று அசை போடும். இதைப் பார்க்கவே அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தது.

ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. அண்ணாச்சியை ரோடு வரைக்கும் கொண்டுவிடப் போனேன். அவர் சைக்கிளில் காலைப் போட்ட பிறகு கேட்டேன்.

"மனுஷருக்கும் இப்படித்தானா, அண்ணாச்சி?"

அவர் காலைக் கீழே ஊன்றிக்கொண்டார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தார்.

"நான் மாட்டுக்குப் படிச்சவன். மனுஷர் விஷயம் டாக்டர்மாருக்குத்தான் தெரியும். ஆனா வயிறு வயிறுதான. அப்பன் உசரமா இருக்கான்னு மட்டும் பிள்ளை சிக்காது. இன்னைக்குக் கெடந்த மாதிரி மடங்கிக் கெடந்தா சிக்கும். தாய்க்குத் தெம்பு இல்லன்னாலும் கஷ்டந்தான்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். போய்விட்டார். நான் சாரலில் நின்றேன். பதினாலு வருஷமாக என் உயரத்தை நான் சுமந்திருக்கிறேன். அதை அவர் இறக்கிவிட்டார். இறங்கிய இடத்தில் பாதி சோறு போட்ட ஒரு தட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குள் உலகம்மை சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். கன்று குடித்த மிச்சத்தில் ஒரு செம்பு. நான் வாசற்படியில் நின்று, அண்ணாச்சி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் சொன்னதையும் சொன்னேன். அவள் திரும்பவில்லை. அகப்பை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானத் தீனி வைக்கிறதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்தியிருப்பீயளா? பயந்து போய் என்னையும் வைக்க விட்டிருக்க மாட்டீய."

அது உண்மைதான். அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அப்போ எனக்கு ரொம்பப் பசிச்சுது" என்றாள். மழை வந்தது, வெயில் அடித்தது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "பசிக்குன்னு சொன்னா, பிள்ளை மேல ஆசை இல்லாதவள்னு நெனப்பீயளோன்னு சொல்லல. கட்டச்சி தொட்டியை ரெண்டு தரம் நக்குச்சுல்லா. அதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்க?"

உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் நாங்கள் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரந்தான். அவள் முந்தானையால் என் தலையில் இருந்த சாரலைத் துடைத்தாள்.

"உங்க உசரம் ஒண்ணும் செய்யல. அந்த உசரத்தைப் பார்த்துத்தான எங்க அய்யாகிட்ட சரின்னேன்."

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. சோறு பானையில் அப்படியே இருந்தது. தினமும் எனக்குப் போட்டுவிட்டு, நான் எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அன்றைக்கு நான் தட்டை எடுத்தேன். சோறு வைத்தேன், மீன் குழம்பை ஊற்றினேன், ஓரத்தில் சீம்பாலை வைத்து அவள் முன்னால் தள்ளினேன். இது என்ன புதுசா இருக்கு என்றாள். சாப்பிடு என்றேன். எனக்கு வைக்கத் தெரியவில்லை, குழம்பு தட்டுக்கு வெளியே வழிந்தது. அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். வெளியே கன்று மடியை முட்டுகிற சத்தம் கேட்டது.

தட்டு காலியானதும் அவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க."

வைத்தேன். போதும் என்று அவள் கையைக் குறுக்கே நீட்டுகிற வரைக்கும் வைத்துக்கொண்டேயிருந்தேன்.